இத்தாலி நகரங்களைச் சுற்றும்போது வாடகைக் காரை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா?

கோவைக்குத் திரும்பி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு மதிய நேரத்தில் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கனமான உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தாலியிலிருந்து வந்த பதிவுத் தபால். உள்ளே இரண்டு அபராத அறிவிப்புகள். இரண்டிலும் ஒரே நாள், ஒரே கார், ஒரே நகரம் ஃபுளோரன்ஸ். நேரம் மட்டும் வேறு: முதலாவது மாலை 5.12, இரண்டாவது 5.19. விடுதியைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிய அந்த ஏழு நிமிடத்தில், அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதியின் இரண்டு கேமராக்களைக் கடந்திருக்கிறோம். எங்களை யாரும் நிறுத்தவில்லை, விசில் ஊதவில்லை, தடுப்புக் கட்டையும் குறுக்கே வரவில்லை.

நான், மனைவி, முழங்கால் வலியுள்ள என் அம்மா என மூவர் போனோம். ரோமில் மூன்று இரவு, ஃபுளோரன்ஸில் நான்கு இரவு, பியென்சா என்ற சிற்றூர் அருகே ஒரு பண்ணை வீட்டில் இரண்டு இரவு. ரோம் விமான நிலையத்தில் இறங்கிய உடனே கார் எடுத்து, ஊர் திரும்பும் நாள்வரை கையிலேயே வைத்திருந்தோம். கார் இருந்தால் அம்மா நடக்க வேண்டியிருக்காது என்பதுதான் நான் சொல்லிக்கொண்ட காரணம். நடந்தது நேர்மாறு. ஃபுளோரன்ஸில் கார் நிறுத்திய கராஜ் விடுதியிலிருந்து பதினெட்டு நிமிட நடை. டிராம் நிறுத்தமோ ஆறு நிமிட நடைதான். நான்கு நாளும் காரை வெளியே எடுக்கவே இல்லை.

இதே திட்டத்தோடு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் படிப்படியாக எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து போகிறவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். வேறு நாட்டில் வசிப்பவர்களுக்கு உரிமம் பற்றிய பகுதி மட்டும் மாறும்.

1. முதலில் இரவுகளை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நகரம்' அல்லது 'கிராமப்புறம்' என்று குறியுங்கள். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ், பொலோன்யா ஆகியவை நகரம். கியாந்தி திராட்சைத் தோட்டங்கள், பியென்சா, மோந்தெபுல்சியானோ, மோந்தால்சினோ அடங்கிய வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு, சிசிலி அல்லது சார்டினியாவின் உட்பகுதி, புலியாவின் சிற்றூர்கள் ஆகியவை கிராமப்புறம்.

நகரத்துக்கு எதிரே வரும் ஒவ்வொரு நாளும் கார் சும்மா நிற்கும். கிராமப்புறத்துக்கு எதிரே வரும் நாளில் கார் இல்லாவிட்டால் கையொடிந்தது போலத்தான் இருக்கும். பண்ணை வீடுகளுக்கு நாளுக்கு இரண்டு மூன்று பஸ் வந்தாலே அதிகம், ஞாயிற்றுக்கிழமை அதுவும் இருக்காது. ஆகவே 'கார் வேண்டுமா, வேண்டாமா' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்காதீர்கள். 'எந்த நாள்களுக்கு' என்று கேளுங்கள்.

சில இடங்கள் ஏமாற்றும். சியெனா மலைமேல் இருப்பதால் கார் தேவை என்று தோன்றும். ஆனால் ஃபுளோரன்ஸிலிருந்து கிளம்பும் 131 எண் விரைவு பஸ் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் சியெனாவின் பழைய ஊருக்குள்ளேயே, கிராம்ஷி சதுக்கத்தில் இறக்கிவிடும். பீசாவுக்கும் லுக்காவுக்கும் ஃபுளோரன்ஸிலிருந்து நேரடி ரயில் உண்டு. பீசாவுக்கு ஒரு மணி நேரம், லுக்காவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். பொம்பெயும் சொரெந்தோவும் நேப்பிள்ஸிலிருந்து உள்ளூர் ரயிலிலேயே போகக்கூடியவை. அமால்ஃபி கடற்கரைச் சாலை ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே பஸ் என்று போகும். அங்கே ஓட்டுகிறவருக்குக் கடலைப் பார்க்க வாய்க்காது. சலேர்னோவிலிருந்து படகில் போங்கள்.

2. சும்மா நிற்கும் காரின் விலையைக் கூட்டிப் பாருங்கள்

முன்பதிவுத் தளத்தில் தெரியும் நாள் வாடகை முழுக் கணக்கு அல்ல. நகரத்தில் கார் வைத்திருக்கும் ஒரு நாளுக்கு வாடகை, கராஜ் கட்டணம், கராஜுக்குப் போய்வரும் நேரம் மூன்றையும் சேர்த்தாக வேண்டும். எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன்.

ஒன்பது நாள் வாடகை 405 யூரோ. ரோமில் கராஜ் இரவுக்கு 35 வீதம் 105. ஃபுளோரன்ஸில் 38 வீதம் 152. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ஓட்டிய வகையில் பெட்ரோலும் சுங்கமும் சேர்ந்து 50. மொத்தம் 712.

நாங்கள் செய்திருக்க வேண்டியது இது. விமான நிலையத்திலிருந்து ரோம் தெர்மினி நிலையத்துக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில், தலைக்கு 14 வீதம் 42 யூரோ. 32 நிமிடப் பயணம். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயில், முன்கூட்டி எடுத்திருந்தால் தலைக்கு 25 அளவில், 75. கடைசி மூன்று நாளுக்கு மட்டும் கார், ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடும் கட்டணம் உட்பட 210. அம்மாவுக்காக நகரங்களில் டாக்சிக்கு 60 என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 387.

வித்தியாசம் 325 யூரோ. இதன்மேல் இரண்டு அபராதங்களும் அவற்றோடு ஒட்டிவந்த கட்டணங்களும் ஏறக்குறைய 300. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் வீண்.

நேரக் கணக்கும் ரயிலின் பக்கம்தான். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்குக் காரில் 275 கிலோமீட்டர். வழியில் ஒரு காப்பிக்கு நிறுத்தினால் மூன்றரை மணி ஆகிவிடும். ரயிலில் ஒன்றரை மணி. ரோம் – நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம். ஃபுளோரன்ஸ் – வெனிஸ் இரண்டு மணிக்குச் சற்று மேல். எல்லாம் நடு ஊரிலிருந்து நடு ஊருக்கு. திரெனித்தாலியா, இத்தாலோ என்ற இரண்டு நிறுவனங்கள் போட்டியில் ஓடுவதால் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மலிவு டிக்கெட்டுகள் சில மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வந்து, பயண நாள் நெருங்க நெருங்கத் தீர்ந்துவிடும். அவற்றை ரத்து செய்தால் பணம் திரும்பாது. உள்ளூர் ரயில் டிக்கெட்டின் விலை மாறாது, அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு: காகித டிக்கெட் என்றால் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டே ஏற வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும்.

3. இசட்.டி.எல். என்ற மூன்றெழுத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

இத்தாலியின் பெரும்பாலான பழைய நகரங்களின் நடுப்பகுதி 'ஜோனா அ திராஃபிக்கோ லிமித்தாத்தோ', அதாவது வாகனக் கட்டுப்பாட்டு வட்டம். அதன் சுருக்கம்தான் இசட்.டி.எல். உள்ளே குடியிருப்போர், அனுமதி பெற்ற வண்டிகள், டாக்சி, பஸ் ஆகியவை மட்டும் போகலாம். ஒவ்வொரு நுழைவிலும் கேமரா இருக்கும். அது நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாவிட்டால் அபராதம். வாடகைக் கார், வெளிநாட்டவர், வழி தெரியாதவர் என்ற சலுகை எதுவும் கிடையாது.

அடையாளம்: வெள்ளைப் பின்னணியில் சிவப்பு வளையம், நடுவில் எதுவும் இருக்காது. கீழே நேரமும் விலக்குகளும் இத்தாலிய மொழியில் பொடி எழுத்தில் இருக்கும். பல இடங்களில் அதனருகே மின்பலகையும் ஒளிரும். அதில் 'வார்க்கோ அத்தீவோ' என்று வந்தால் கேமரா விழித்திருக்கிறது, நுழையக் கூடாது. 'வார்க்கோ நோன் அத்தீவோ' என்று வந்தால் கட்டுப்பாடு அந்நேரம் இல்லை, நுழையலாம். இடையில் வரும் 'நோன்' என்ற மூன்றெழுத்துச் சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. 'அத்தீவோ' என்பதைப் பார்த்து 'வழி திறந்திருக்கிறது' என்று பொருள் கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. என் மனைவி அந்தப் பலகையை உரக்கப் படித்தாள். நானும் அப்படித்தான் பொருள் கொண்டேன்.

நேரங்கள் ஊருக்கு ஊர் வேறு. ஃபுளோரன்ஸில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் இரவு 8 வரை, சனிக்கிழமை காலை 7.30 முதல் மாலை 4 வரை. கோடை மாதங்களில் வியாழன், வெள்ளி, சனி இரவுகளிலும் 11 மணியிலிருந்து விடியற்காலை 3 வரை உண்டு. ரோமின் பழைய நகர வட்டத்தில் வார நாள்களில் காலை 6.30 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமை பிற்பகல் 2 முதல் 6 வரை. வெள்ளி, சனி இரவுகளில் தனியாக. ரோமில் இப்படிப் பல வட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம். இந்த நேரங்கள் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் வாரத்தில் அந்தந்த நகராட்சியின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிலான் சற்று வேறு வகை. நடு நகரத்தின் 'ஏரியா சி' வட்டத்துக்குள் வார நாள்களில் காலை 7.30 முதல் மாலை 7.30 வரை நுழைய 7.50 யூரோ கட்ட வேண்டும். நுழைந்த மறுநாள் நள்ளிரவுக்குள் கட்டிவிடலாம். கட்ட மறந்தால்தான் அபராதம்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, கைப்பேசி வரைபடத்தை நம்பாதீர்கள். குறுக்கு வழி என்று அது நேராக வட்டத்துக்குள் தள்ளிவிடும். இரண்டாவது, ஒவ்வொரு கேமராவைக் கடப்பதும் தனித்தனி அபராதமாக வரக்கூடும். வழி தவறினால் மீண்டும் சுற்றி வராதீர்கள்; வட்டத்துக்கு வெளியே போய், வண்டியை நிறுத்தி, யோசித்துவிட்டு வாருங்கள். நாங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் இரண்டாவது அபராதத்தை வாங்கினோம். மூன்றாவது, பஸ்ஸுக்கென ஒதுக்கிய தடங்களிலும் கேமரா உண்டு. டாக்சி போகிறதே என்று அதன் பின்னாலேயே போகாதீர்கள்.

4. விடுதியிடம் எழுத்தில் கேளுங்கள்

வட்டத்துக்குள் உள்ள பல விடுதிகள், விருந்தினர் பெட்டி இறக்கவோ கராஜுக்குப் போகவோ நம்பர் பிளேட்டை அனுமதிப் பட்டியலில் சேர்க்க முடியும். ஆனால் எண் தெரிந்தால்தான் சேர்க்க முடியும். காரைக் கையில் வாங்கும்வரை உங்களுக்கே எண் தெரியாது. எனவே கார் எடுத்த இடத்திலேயே நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, வந்துசேரும் நேரத்தோடு விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு குறிகள்; ஒன்று மாறினாலும் வேறு ஒருவரின் காருக்கு அனுமதி போய்விடும். 'பதிவு செய்துவிட்டோம்' என்ற பதில் வரும்வரை நுழையாதீர்கள்.

முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டியவை: விடுதி வட்டத்துக்குள் இருக்கிறதா? நம்பர் பிளேட்டைப் பதிவு செய்வீர்களா? எத்தனை மணி நேரத்துக்கு? எந்தத் தெரு வழியாக நுழைய வேண்டும்? கராஜ் எங்கே, இரவுக்கு எவ்வளவு? 'பார்க்கிங் உண்டு' என்று தளத்தில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது பதினெட்டு நிமிட நடைத் தூரத்தில் உள்ள தனியார் கராஜாகவும் இருக்கலாம். தனிநபர் வாடகைக்கு விடும் வீடுகளில் இந்தப் பதிவு வசதி பெரும்பாலும் இருக்காது.

என் தவறு இங்கேதான் தொடங்கியது. மறுநாள் காலை வரவேற்பு மேசையில் எண்ணைக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அந்த மேசையில் இருந்த பெண்மணி என் முகத்தைப் பார்த்து, 'நேற்று எந்த வழியாக வந்தீர்கள்?' என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

5. கார் எடுக்கும் வரிசையை மாற்றுங்கள்

முதலில் நகரங்கள், பிறகு கார். பயணத்தை இப்படி அமைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ரயிலில் நகரங்களைப் பார்த்து முடியுங்கள். கிராமப்புறத்துக்குக் கிளம்பும் காலையில் கார் எடுங்கள். கிராமப்புறத்திலிருந்து நேராக விமான நிலையத்தில் திருப்பிக் கொடுங்கள்.

எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். நடு ஊரில் உள்ள அலுவலகம் வசதியாகத் தெரியும். ஆனால் சில அலுவலகங்கள் வட்டத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. கார் எடுத்தாலும் விட்டாலும் அவர்கள் சொல்லும் ஒரே வழியில்தான் போய்வர வேண்டும். மதியம் ஓரிரு மணி நேரம் மூடுவார்கள், ஞாயிறு பிற்பகல் பலவும் திறக்காது. விமான நிலைய அலுவலகம் நீண்ட நேரம் திறந்திருக்கும், நெடுஞ்சாலைக்கும் பக்கம். ஃபுளோரன்ஸ் என்றால், சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம் அருகிலிருந்து டி2 டிராம் இருபது நிமிடம் சொச்சத்தில் விமான நிலையம் போய்விடும், டிக்கெட் 1.70 யூரோ. கார் அலுவலகங்கள் முனையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கின்றன, ஷட்டில் வண்டி அழைத்துப் போகும். டிராம், ஷட்டில், அலுவலக வரிசை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஏற்கெனவே முழுப் பயணத்துக்கும் பதிவு செய்துவிட்டீர்களா? கார் எடுக்கும் முன் என்றால், பல பதிவுகளை இலவசமாக ரத்து செய்ய முடியும். விதிகளைப் பார்த்து, குறைந்த நாளுக்குப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். கார் கையில் வந்த பிறகு நாளைக் குறைப்பது வேறு கதை. பயன்படுத்தாத நாளுக்குப் பணம் திரும்பும் என்று எண்ணாதீர்கள். வார வாடகை முறிந்து, நாள் வாடகையில் புதிதாகக் கணக்கிடுவதால் தொகை கூடவும் கூடும். முன்பே திருப்பிக் கொடுத்தால் பில் எவ்வளவு வரும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டு, மீதி நாள்களின் கராஜ் செலவோடு ஒப்பிடுங்கள். வாடகை ஒரு ரூபாய்கூடத் திரும்பாவிட்டாலும், நான்கு இரவு கராஜ் செலவு மிச்சம் என்பதற்காகவே திருப்பிக் கொடுப்பது லாபமாக இருக்கலாம்.

வாடகை நாள் என்பது 24 மணி நேரம். காலை 10 மணிக்கு எடுத்த காரைக் கடைசி நாளில் 11.30க்குக் கொடுத்தால் இன்னொரு நாள் ஏறிவிடும். சிறு சலுகை நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒப்பந்தத்தில் பாருங்கள்.

6. வைத்துக்கொண்டே தீர வேண்டுமென்றால், நகர வாசலில் நிறுத்துங்கள்

இரண்டு கிராமப்புற இரவுகளுக்கு நடுவே ஒரே ஒரு நகர நாள் வந்தால் காரைக் கொடுத்து மீண்டும் வாங்குவது பொருந்தாது. அப்போது நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போங்கள்.

ஃபுளோரன்ஸுக்கு இதற்கென்றே அமைந்தது வில்லா கொஸ்தான்சா நிறுத்துமிடம். மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறாமலேயே, பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்புவது போல அதற்குள் திரும்பிவிடலாம். சுங்கச்சாவடியும் இல்லை, நகரத் தெருவும் இல்லை. நிறுத்திவிட்டுச் சற்று நடந்தால் டி1 டிராமின் கடைசி நிறுத்தம். ஏறத்தாழ 25 நிமிடத்தில் ரயில் நிலையம். இதை முன்பே அறிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வெனிஸில் கார் ஓட்டத் தெருவே கிடையாது. பாலத்தைக் கடந்ததும் வரும் பியாத்சாலே ரோமா, துரோன்கேத்தோ இரண்டிலும் நிறுத்தலாம், விலை அதிகம். பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரே ரயில் நிலையம் அருகே நிறுத்தினால் மலிவு. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட ரயில். சியெனாவில் மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்துமிடங்கள் சிலவற்றிலிருந்து நகரும் படிக்கட்டுகள் மேலே ஏற்றிவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய உதவி. எங்கே நிறுத்தினாலும் பெட்டி, பை, ஜாக்கெட் எதுவும் வெளியே தெரியும்படி விடாதீர்கள். பாஸ்போர்ட்டைக் காரில் வைக்கவே வைக்காதீர்கள்.

7. காகிதங்களை ஊரிலேயே முடியுங்கள்

இந்திய உரிமம் மட்டும் இத்தாலியில் போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். 'பரிவாகன்' தளத்தில் விண்ணப்பித்து, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல்களையும் விமான டிக்கெட்டையும் தயாராக வைத்திருங்கள். ஓராண்டு வரை செல்லும். அதற்குள் உங்கள் உரிமம் காலாவதியானால் அதுவும் காலாவதிதான். விசா வந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், விசா கடைசி வாரத்தில் வந்தால் இதற்கு நேரம் போதாமல் போகலாம். விசாவுக்கே முன்கூட்டிப் போடுங்கள். அங்கே போய் வாங்க முடியாது. சாலையில் போலீஸ் நிறுத்தினால் அனுமதியும் அசல் உரிமமும் இரண்டும் காட்ட வேண்டும்.

அடுத்தது கிரெடிட் கார்டு. ஓட்டுகிறவர் பெயரிலேயே, எண்கள் பொறித்த கிரெடிட் கார்டாக இருக்க வேண்டும். மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் கார் என்றால் மேசையிலேயே மறுத்துவிடுவார்கள். டெபிட் கார்டைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. வைப்புத்தொகையாகச் சில நூறு யூரோ முதல் ஆயிரத்துக்கும் மேல்கூட முடக்குவார்கள். வரம்பு போதுமா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கியில் பாருங்கள்.

இத்தாலி வாடகையில் மோதல், திருட்டுக் காப்பீடு பொதுவாக அடங்கியே வரும். ஆனால் முதல் சில நூறு அல்லது ஆயிரம் யூரோ உங்கள் தலையில். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பலவேளை அதில் சேராது. தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்பே சொல்லிப் பதிவு செய்யுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதற்கே மனம் பழக ஒரு நாள் ஆகும். அதோடு வலக்கையால் கியர் மாற்றுவதும் சேர்ந்தால், முதல் ரவுண்டானாவில் திணறிவிடுவீர்கள்.

8. சாலையில் மறக்கக் கூடாதவை

நெடுஞ்சாலையில் நுழையும்போது இயந்திரம் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இறங்கும்போது அதைக் காட்டித்தான் கட்ட வேண்டும். மஞ்சள் நிற 'தெலேபாஸ்' தடத்துக்குள் நுழையாதீர்கள், அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு. கையும் நாணயமும் வரைந்த வெள்ளைப் பலகை பணத்துக்கு, நீலப் பலகை கார்டுக்கு. தவறி மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்காதீர்கள். பொத்தானை அழுத்தினால் 'கட்டவில்லை' என்று ஒரு ரசீது வரும். 15 நாளுக்குள் அதை இணையத்தில் கட்டிவிடலாம்.

நிறுத்தும் கோடுகள்: நீலம் கட்டணம், மஞ்சள் ஒதுக்கப்பட்டது, வெள்ளை பொதுவாக இலவசம். ஃபுளோரன்ஸில் வெள்ளைக் கோடுகள் பலவும் குடியிருப்போருக்கானவை. எங்கும் பலகையைப் படித்துவிட்டே நிறுத்துங்கள். தெருப் பெருக்கும் நாள் குறித்த பலகை இருந்தால் அந்நேரம் நிற்கும் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள்.

பெட்ரோல் 'பென்சீனா', டீசல் 'காசோலியோ'. காசோலியோ என்பது காதில் 'கேசோலின்' போல விழும், குழம்பாதீர்கள். நாமே நிரப்பும் 'செல்ஃப்' பம்பில் விலை குறைவு. திருப்பிக் கொடுக்கும் முன் தொட்டியை நிரப்பி, ரசீதை வைத்திருங்கள். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நான்கு பக்கமும், சக்கரங்களையும் படம் பிடியுங்கள்.

9. அபராதம் வந்துவிட்டால்

முதலில் வருவது அபராதம் அல்ல. கார் நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து ஒரு தொகையை எடுக்கும். எங்களுக்கு இரண்டு மாதம் கழித்து 48.80 யூரோ இரண்டு முறை போனது. அபராதம் கட்டியாகிவிட்டது என்று நினைத்து நிம்மதியானோம். அது உங்கள் பெயரையும் முகவரியையும் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணம் மட்டும். உண்மையான அபராதம் பிறகு தனியே வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு என்பதால் ஓராண்டு கழித்து வந்தாலும் வியப்பில்லை.

வட்டத்துக்குள் நுழைந்ததற்கான அபராதம் 83 யூரோவில் தொடங்குகிறது; அறிவிப்புச் செலவு அதன்மேல். கடிதம் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் குறையும், அதாவது 83க்குப் பதில் 58.10. அறுபது நாள் தாண்டினால் தொகை வெகுவாக ஏறும். நாங்கள் உறையைப் பிரித்து, மொழிபெயர்த்து, விசாரித்து முடிப்பதற்குள் ஐந்து நாள் போய்விட்டது. உறை வந்த அன்றே பிரியுங்கள். வந்த தேதியை மேலே எழுதுங்கள். கடிதத்தில் உள்ள குறியீட்டை வைத்து இணையத்தில் கார்டு மூலம் கட்ட வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வங்கி வழியாக அனுப்பினால் இடைக் கட்டணம் பிடித்தது போக அங்கே சேரும் தொகை குறைந்து, 'பாக்கி' என்று நிற்கும்.

விடுதி உங்கள் எண்ணைப் பதிவு செய்ததற்கான மின்னஞ்சல் கையில் இருந்தும் அபராதம் வந்திருந்தால், கட்டுவதற்கு முன் விடுதிக்கு எழுதுங்கள். கட்டிவிட்டால் முறையீட்டுக்கு இடமில்லை. முறையீடு செய்ய 'ப்ரெஃபெத்தோ' என்ற அரசு அதிகாரிக்கு 60 நாள், 'ஜூதிச்சே தி பாச்சே' என்ற நீதிபதிக்கு 30 நாள் (வெளிநாட்டில் வசிப்பவருக்கு 60 நாள்) அவகாசம். ஆதாரம் இல்லாமல் 'தெரியாமல் நுழைந்தேன்' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. அந்த நேரத்தில் தள்ளுபடிக்கான ஐந்து நாளும் போய்விடும்.

கட்டிய ரசீதை அச்செடுத்து, கார் ஒப்பந்தத்தோடும் விடுதி மின்னஞ்சல்களோடும் ஒரே உறையில் வையுங்கள். ஒரே பயணத்தில் பல கேமராக்களைக் கடந்திருந்தால் கடிதங்கள் தனித்தனியாக, வெவ்வேறு மாதங்களில் வரக்கூடும். புதிதாக வரும் ஒவ்வொன்றின் அறிக்கை எண்ணையும் நேரத்தையும் பழைய ரசீதோடு ஒத்துப்பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.